யானை பார்க்கக் காப்புக்காடு போகணும்!

பாலராமபுரம் என்றதும் நம் ஆட்களுக்கு நினைவு வருவது கசவு வேட்டியும் நேரியதும்தான். கல்யாணத்துக்குத் துணி எடுக்க மார்த்தாண்டத்திலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் களியக்காவிளையைத் தாண்டிப் போகிறவர்கள் எத்தனையோ பேர். துணியை எடுத்துக்கொண்டு, ஒரு சாயாவைக் குடித்துவிட்டு, அப்படியே வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். அவர்கள் ஒவ்வொருவரையும் நிறுத்தி, “இன்னும் ஒரு மணி நேரம் கிழக்கே போங்க, யானைக்குட்டி பால் குடிக்கிறதைப் பார்த்துட்டு வாங்க” என்று சொல்ல வேண்டும் போலிருக்கிறது. அந்த ஆசையில்தான் இதை எழுதுகிறேன்.

நெய்யாறு வனவிலங்குச் சரணாலயத்தின் ஓரத்தில், கோட்டூர் என்ற மலையடிவார ஊரைத் தாண்டினால் காப்புக்காடு. கேரள வனத்துறை 2006-ல் அங்கே யானைகளுக்கான மறுவாழ்வு மையம் ஒன்றைத் தொடங்கியது. தாயைப் பிரிந்த குட்டிகள், காயம்பட்டு வந்தவை, உழைத்து ஓய்ந்த முதிய யானைகள் எல்லாம் சேர்ந்து வாழும் இடம். கொஞ்ச தூரத்தில் நெய்யாறு அணைக்கட்டு. அங்கே 1977 முதல் ஒரு முதலை வளர்ப்பு மையம் இருக்கிறது. இரண்டையும் ஒரே பகலில் பார்த்துவிடலாம். ஒட்டகச்சிவிங்கி, நீர்யானை, வரிக்குதிரை என்று உலகத்து மிருகங்களையெல்லாம் கூட்டிவைத்திருக்கும் பெரிய காட்சிசாலை அல்ல இது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் யானையும், நம் ஆறு குளங்களின் முதலையும்தான் இங்கே நாயகர்கள். இவ்வளவு சின்ன இடம் ஒரு மனுசனை இவ்வளவு சந்தோஷப்படுத்துமா என்று கேட்டால், படுத்தும். எனக்கு இன்னும் அந்தச் சந்தோஷம் தீரவில்லை.

எங்கள் சித்தி வீடு பாலராமபுரத்தில் நெசவாளர் தெருவில் இருக்கிறது. 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பலராம வர்மா காலத்தில், திவான் உம்மிணித் தம்பி தமிழ்ப் பக்கத்துச் சாலியர் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியமர்த்தியதால் எழுந்த ஊர். இருநூறு வருஷம் தாண்டியும் அந்தத் தெருக்களில் வீட்டுக்குள் தமிழ் கேட்கிறது. விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவு கட்டிக் கஞ்சி போடுவதைப் பார்க்கலாம், குழித்தறிச் சத்தத்தில் காது நிறையும். அந்தத் துணிக்கு 2009-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் சித்தி அன்றைக்குத் துணியைப் பற்றிப் பேசவே இல்லை. என் பிள்ளைகள் மொபைலில் யானை வீடியோ பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டுவிட்டு, “மக்கா, இதுகளுக்கு இதுல என்னத்தைக் காட்டுக? கோட்டூருக்குக் கொண்டுபோய் நேர்ல காட்டு” என்று அதட்டினாள். அத்தான் வண்டியை எடுத்தார். அவ்வளவுதான்.

பாலராமபுரத்திலிருந்து காட்டாக்கடைக்குப் போகும் சாலை ஊரூட்டம்பலம் வழியாகப் போகிறது. நூறு ஆண்டுகளுக்கு முன்பு பஞ்சமி என்ற தலித் சிறுமியை ஐயன்காளி கைபிடித்துப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனதும், அதைப் பொறுக்காதவர்கள் பள்ளிக்கே தீவைத்ததும் இந்த ஊரில்தான். அத்தான் வண்டியை மெதுவாக்கி அந்தப் பள்ளியைப் பிள்ளைகளுக்குக் காட்டினார். காட்டாக்கடை தாண்டி, குற்றிச்சல் தாண்டி, ரப்பர் தோட்டங்கள் முடிகிற இடத்தில் காற்றே மாறிவிடுகிறது. பாலராமபுரத்திலிருந்து கோட்டூருக்கு முப்பது கிலோமீட்டர்கூட இல்லை.

யானையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கோயில் வாசலில் சங்கிலியோடு நிற்பதை, திருவிழாவில் நெற்றிப்பட்டம் கட்டி வெயிலில் நிற்பதை, அதைவிட்டால் மிருகக்காட்சிசாலையில் அகழிக்கு அந்தப் பக்கம் நிற்பதைப் பார்த்திருக்கிறோம். நின்றுகொண்டே இருக்கும் யானைதான் நமக்குத் தெரிந்த யானை. காப்புக்காட்டில் யானை நடக்கிறது. மரங்களுக்கு நடுவே வரிசையாக, ஒன்றன் வாலுக்குப் பின்னால் ஒன்றாக, பாப்பான்மார் என்று இங்கே சொல்லும் யானைப்பாகர்கள் பக்கத்தில் நடந்துவர, அணையின் நீர்த்தேக்கம் உள்ளே நுழைந்து கிடக்கும் ஓடைக்கரைக்குக் குளிக்கப் போகிறது. பெரிய யானைகளின் காலடிச் சத்தமே கேட்பதில்லை என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். பாதத்தின் உள்ளே மெத்தென்ற கொழுப்புத் திண்டு இருப்பதால், மூன்று நாலு டன் எடையும் சருகை நசுக்காத மாதிரி இறங்குகிறது. நாங்கள் நின்ற இடத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பிடியானை வந்து கடந்துபோன பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது!

தண்ணீருக்குள் இறங்கினதும் “கிடயானே” என்று ஒரு சொல். அவ்வளவு பெரிய உடம்பு முன்னங்காலை மடித்து, பின்னங்காலை நீட்டி, பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. பாப்பான் தேங்காய்த் தொண்டை எடுத்துக் காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பில், வயிற்றில், கால் நகத்துக்கு இடையில் என்று ஒரு இடம் விடாமல் தேய்க்கிறார். தும்பிக்கை நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு மூச்சு விடுகிறது. அந்த நுனியைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஆசிய யானைக்கு நுனியில் மேல் பக்கம் விரல் மாதிரி ஒரே ஒரு நீட்சி, ஆப்பிரிக்க யானைக்கு இரண்டு என்று படித்திருந்தது அப்போதுதான் கண்ணால் பார்த்து உறுதியானது. ஈரமான, இளஞ்சிவப்புப் புள்ளி விழுந்த அந்த நுனி காற்றை முகர்ந்து முகர்ந்து திரும்புகிறது. எலும்பு ஒன்றுகூட இல்லாமல், முழுக்கத் தசையாலேயே ஆன உறுப்பு. அதே தும்பிக்கையால் மரத்தடியையும் புரட்டும், தரையில் கிடக்கும் ஒற்றைச் சோற்றுப் பருக்கையையும் எடுக்கும்.

குட்டிகள் குளிப்பது தனி உற்சவம். ஒரு குட்டி கரையேறவே மாட்டேன் என்றது. ஏற்றினால் திரும்ப இறங்குகிறது, இன்னொன்றின் முதுகில் ஏறப் பார்க்கிறது, முழுக்க முங்கி எங்கோ எழும்புகிறது. “இவனுக்கு வெள்ளம் கண்டா போதும் சாரே, பின்னெ விளிச்சாலும் வரமாட்டான்” என்று பாப்பான் சிரித்தார். கோபமே இல்லை அவர் குரலில். ஒரு சுண்டு விரலைக் குட்டியின் வாயோரத்தில் வைத்ததும், அது அந்த விரலைச் சப்பிக்கொண்டே கரையேறிவிட்டது. என் மகள் கைதட்டிச் சிரித்தாள். நானும்தான்.

குட்டி யானையைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்ததில்லை என்றால், அதன் தலையில் இவ்வளவு முடி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. நெற்றியிலும் முதுகிலும் கம்பி கம்பியாய்ச் செம்பட்டை முடி. கண்ணிமை மயிர் நீளமாக, கீழ்நோக்கி வளைந்து இருக்கிறது. முன்னங்காலில் ஐந்து நகம், பின்னங்காலில் நான்கு நகம் என்று என் மகன் குனிந்து எண்ணினான். தும்பிக்கையோ, புதுச் செருப்பு போட்ட குழந்தையின் கால் மாதிரி சொன்னபடி கேட்பதில்லை. புல்லை எடுக்கப் போகும், புல் நழுவிவிடும், மறுபடி போகும், தன் காலையே தட்டிக்கொள்ளும். குட்டிக்குத் தும்பிக்கையை ஆளும் வித்தை பிறவியிலேயே வருவதில்லை, மாதக்கணக்கில் பழக வேண்டும். பால் குடிப்பதும் தும்பிக்கையால் இல்லை, வாயால்தான். தும்பிக்கையைத் தூக்கி நெற்றிமேல் மடக்கி வைத்துக்கொண்டு, பெரிய புட்டியின் ரப்பர் காம்பைக் கவ்வி, கண்ணை மூடி இழுக்கிறது. புட்டி காலியாகும்போது ஒரு சத்தம் வரும் பாருங்கள், அதற்காகவே இன்னொரு தடவை போகலாம்!

இந்தப் பால் விஷயம் எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. தாயில்லாத யானைக்குட்டிக்குப் பசும்பாலைக் கொடுத்து வளர்த்துவிடலாம் என்று நினைப்போம். அந்தக் கொழுப்பு அதற்குச் செரிக்காது. கென்யாவின் நைரோபியில் அநாதைக் குட்டிகளை வளர்த்த டாப்னே ஷெல்ட்ரிக் பல ஆண்டுகள் பல குட்டிகளைப் பறிகொடுத்து, கடைசியில் மனிதக் குழந்தைக்கான பால்பவுடரோடு தேங்காய் எண்ணெய் சேர்த்தால் குட்டி தேறுகிறது என்று கண்டுபிடித்தார். நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய் எங்கோ ஆப்பிரிக்காவில் யானைக்குட்டிகளின் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது! யானைத் தாய் ஏறத்தாழ 22 மாதம் சுமந்து பெறுகிற குட்டி. பிறக்கும்போதே நூறு கிலோ எடை. அதற்கப்புறமும் வருஷக்கணக்கில் தாய்ப்பாலோடு இருப்பது அதன் இயல்பு. அந்தத் தாயை இழந்துவிட்டு, மழையில் ஆற்றோடு அடித்துவரப்பட்டோ, கூட்டம் விட்டுவிட்டுப் போயோ, காட்டோரத்தில் தன்னந்தனியாய் நிற்கும்போது வனத்துறையினர் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். முதலில் கூட்டத்தோடு சேர்த்துவிடத்தான் பார்ப்பார்கள். கூட்டம் ஏற்காதபோதுதான் இங்கே வரும்.

சோறூட்டும் நேரம் வந்தது. அரிசி, கேப்பை, காணம் எல்லாம் பெரிய வட்டைகளில் வேகவைத்து, வெல்லமும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, ஒவ்வொரு யானைக்கும் அதன் அளவு, அதன் உடல்நிலைக்கு ஏற்றபடி உருண்டை. உருண்டை வாய்க்குள் போகும்போது நாக்கு தெரிகிறது, இளஞ்சிவப்பாய், தடித்து. எல்லா யானையும் வரிசையில் தன் முறை வரும்வரை ஆடிக்கொண்டு நிற்க, ஒரு குட்டி மட்டும் பக்கத்து யானையின் உருண்டையில் தும்பிக்கையை நீட்டித் திட்டு வாங்கியது.

அங்கே சோமனைப் பார்த்ததை என்னால் மறக்க முடியாது. எண்பது வயதைக் கடந்த கொம்பன். வனத்துறைக்கு உழைத்து ஓய்வு பெற்றவன். இந்த நாட்டில் உயிரோடு இருக்கும் மூத்த கொம்பன்களில் ஒருவன் என்று எல்லோரும் பெருமையாகச் சொல்கிறார்கள். முகத்திலும் காதோரத்திலும் நிறம் வெளுத்து, இளஞ்சிவப்பாய்ப் புள்ளி புள்ளியாகப் படர்ந்திருக்கிறது. கன்னப்பொட்டு குழிந்திருக்கிறது. யானைக்கு ஆயுளில் ஆறு முறை கடைவாய்ப் பல் முளைக்கும். பழையது தேய்ந்து முன்னால் நகர்ந்து விழ, பின்னாலிருந்து புதியது வந்துகொண்டே இருக்கும். ஆறாவதும் தேய்ந்துவிட்டால் ஏழாவது கிடையாது. காட்டில் கிழட்டு யானை சாவது பெரும்பாலும் மெல்ல முடியாமல்தான். அதனால்தான் குழைய வேகவைத்த உருண்டையும், நறுக்கிப் போட்ட தீவனமும் முதிய யானைக்கு உயிர் மருந்து. சோமன் மெல்லுவதை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவசரமே இல்லை. ஒவ்வொரு வாயையும் நிதானமாக, தாடை பக்கவாட்டில் அசைய, மென்று முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குத் தும்பிக்கை போகிறது. பாலராமபுரத்திலிருந்து திருவனந்தபுரம் போகும் வழியில் பாப்பனங்கோடு வரும். செங்கல்லூர் தாட்சாயணி என்ற பிடியானை 2019 பிப்ரவரியில் 88 வயதில் இறந்தது அங்கேதான். திருவிதாங்கூர் தேவசம் போர்டின் யானை. ‘கஜ முத்தச்சி’ என்று பட்டமே கொடுத்திருந்தார்கள். யானையின் முதுமையை இவ்வளவு மரியாதையோடு பார்க்கும் ஒரு ஊர்ப்பக்கம் இது.

சந்தோஷத்தை மட்டும் எழுதினால் இந்த இடத்துக்கு நியாயம் செய்ததாகாது. 2019-ல் தென்மலைப் பக்கத்து அம்பநாட்டில் தாயைப் பிரிந்து கிடைத்த ஸ்ரீக்குட்டி இங்கே எல்லோருக்கும் செல்லம். அடுத்த ஆண்டு அவளுக்குப் பிறந்தநாள் கொண்டாடினார்கள், அரிசியும் கேப்பையும் வைத்துக் கேக் செய்து! 2021 நடுவில் யானைகளைத் தாக்கும் ஹெர்பீஸ் வைரஸ் இந்த மையத்துக்குள் வந்தது. பெரிய யானைகளின் உடம்பில் சத்தமில்லாமல் கிடக்கும் இந்தக் கிருமி, குட்டிகளின் இரத்தக் குழாய்களைத் தாக்கி உள்ளுக்குள்ளேயே இரத்தம் கசியச் செய்யும். ஓரிரு நாளில் முடித்துவிடும். ஸ்ரீக்குட்டி போனாள். சில நாளில் அர்ஜுன் என்ற குட்டியும் போனது. மற்றக் குட்டிகளுக்கு மருந்து கொடுத்து, பிரித்துவைத்து, இராப்பகலாய்க் காவலிருந்து மீட்டார்கள். இன்றைக்கு ஒரு குட்டி தண்ணீரில் முங்கி விளையாடுகிறது என்றால் அதற்குப் பின்னால் இத்தனை பேரின் தூக்கமில்லாத இரவுகள் இருக்கின்றன. எனக்கு இந்த மனிதர்கள்மேல் வந்த மரியாதையைச் சொல்லி முடியாது.

இலங்கையில் பின்னவலைக்கு நான் போயிருக்கிறேன். 1975-ல் தொடங்கிய யானை அநாதை இல்லம், உலகம் பூராவும் பெயர் பெற்றது. மகா ஓயா ஆற்றில் கூட்டமாய் யானைகள் இறங்கும் காட்சி பிரமாதம்தான். ஆனால் அங்கே ஆயிரம் தலைகளுக்கு நடுவே எட்டிப் பார்க்க வேண்டும். காப்புக்காட்டை அந்தப் பின்னவலையை மாதிரியாக வைத்துத்தான் 50 யானைகள் தங்கும் அளவுக்கு, 176 ஹெக்டேரில் விரிவாக்கத் திட்டமிட்டார்கள். வளரட்டும், நல்லதுதான். என் ஓட்டு இப்போதைய சின்னக் காப்புக்காட்டுக்கே. இங்கே ஒரு யானையின் முன்னால் அரை மணி நேரம் நின்றாலும் யாரும் “நகருங்க, நகருங்க” என்று விரட்டுவதில்லை. பாப்பானிடம் கேள்வி கேட்கலாம், அவர் பதில் சொல்வார். 1857-ல் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா காலத்தில் உருவான திருவனந்தபுரம் மிருகக்காட்சிசாலையும் எனக்குப் பிடிக்கும். மரங்களுக்காகவே அங்கே போகலாம். ஆனால் ஒரு நாளில் எழுபது எண்பது வகை மிருகங்களைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், எதன் முகமும் மனசில் தங்குவதில்லை. காப்புக்காட்டிலிருந்து வந்தால் ஒவ்வொரு யானையும் தனித்தனியாக ஞாபகம் இருக்கிறது. முதுமலை தெப்பக்காட்டில் பொம்மனும் பெள்ளியும் ரகு என்ற யானைக்குட்டியை வளர்த்த கதை 2023-ல் ஆஸ்கர் வாங்கியபோது நாம் எல்லோரும் டி.வி.யில் பார்த்து நெகிழ்ந்தோம். அதே அன்பை, அதே வேலையை, நம் எல்லையை ஒட்டியே நேரில் பார்க்கலாம் என்பதுதான் என் பரபரப்பு.

நம் மலை என்று சொல்வது வெறும் பாசத்துக்காக அல்ல. 1868 மீட்டர் உயர அகத்தியர் மலையின் இந்தச் சரிவில் நெய்யாறு, அந்தச் சரிவில் களக்காடு முண்டந்துறை. 1956-ல் மாநில எல்லைக் கோடு போட்டபோது நெய்யாற்றின்கரை கேரளத்தில் நிற்க, விளவங்கோடு தமிழ்நாட்டுக்கு வந்தது. யானைக்கு அந்தக் கோடு இல்லை. 2023-ல் கேரளத்துச் சின்னக்கானலில் பிடிபட்டு, கம்பம் ஊருக்குள் வந்து, மறுபடி பிடிபட்ட அரிக்கொம்பன் யானையைத் தமிழக வனத்துறை கொண்டுவிட்டது கோதையாறு மேலணைப் பக்கம், நெய்யாறு சரணாலயத்துக்கு அடுத்த காட்டில்தான். இந்தக் காட்டின் உள்ளே காணிக்காரர் குடிகள் இருக்கின்றன. களைப்பு தீர அவர்கள் தின்னும் ஆரோக்கியப்பச்சையை 1987-ல் விஞ்ஞானிகள் தெரிந்துகொண்டதும், அதிலிருந்து ‘ஜீவனி’ மருந்து வந்ததும் இந்த மலையில்தான். நாங்கள் சாயா குடித்துக்கொண்டிருந்தபோது மேலே மரத்தில் ஒரு மலையணில், செம்பழுப்பு முதுகும் பூனை அளவு உடம்புமாய், வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு பழம் தின்றது. அதற்கு டிக்கெட்டும் இல்லை, பலகையும் இல்லை.

மதியம் காட்டாக்கடைப் பக்கம் மரச்சீனியும் மீன்கறியும் சாப்பிட்டுவிட்டு நெய்யாறு அணைக்குப் போனோம். 1958-ல் முடிந்த அணை. இடதுகரைக் கால்வாய் வழியாக விளவங்கோட்டு வயல்களுக்கு வந்துகொண்டிருந்த தண்ணீர் 2004-லிருந்து நின்றுபோனது. அணைமேல் நிற்கும் எந்தக் கன்னியாகுமரி மாவட்டக்காரருக்கும் அந்த நினைப்பு வராமல் இருக்காது. அத்தானும் நானும் கொஞ்ச நேரம் பேசாமல் தண்ணீரையே பார்த்தோம்.

பிறகு முதலை! சின்னச் சின்னத் தொட்டிகளும் குளங்களும், கம்பி வலையும். பத்து நிமிஷத்தில் சுற்றிவிடலாம் என்று நினைத்து வருகிறவர்கள் பத்து நிமிஷத்தில் சுற்றிவிட்டுப் போய்விடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். ஒரு முதலையைத் தேர்ந்துகொண்டு அதன் எதிரில் உட்காருங்கள். வாயைப் பிளந்தபடி கிடக்கிறதே, அது கோபமும் இல்லை, பசியும் இல்லை. உடம்புச் சூட்டைத் தணிக்கும் வழி. வாய்க்குள் தொண்டையை அடைத்துக்கொண்டு ஒரு சதை மடிப்பு தெரியும். அது இருப்பதால்தான் தண்ணீருக்குள் வாயைத் திறந்தாலும் மூச்சுக்குழாய்க்குள் நீர் போவதில்லை. கண்மேல் பக்கவாட்டில் கண்ணாடி போல ஒரு மூன்றாவது இமை வந்து மூடித் திறக்கும். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த முதலை வெகுநேரம் அசையவில்லை. தொண்டைக்குக் கீழே தோல் மட்டும் மெதுவாகத் துடித்தது. திடீரென்று ஒரு சுழற்சி, ஒரு தெறிப்பு, மறுபடி சிலை. என் மகன் அதற்குப் பிறகு கம்பியை விட்டு வரவே மாட்டேன் என்றான்.

இங்கே இருப்பவை நம் நாட்டு நன்னீர் முதலைகள், சீங்கண்ணி என்று மலையாளத்தில் சொல்வது. தோலுக்காக வேட்டையாடியதால் 1970-களில் இந்தியா முழுக்க முதலை அருகிப்போனபோது, 1975-ல் நாடு தழுவிய முதலைப் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. நம் அமராவதி அணையில் முதலைப் பண்ணை வந்ததும், சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1976-ல் ராமுலஸ் விட்டேக்கர் முதலைப் பண்ணை தொடங்கியதும் அதே காலம்தான். நெய்யாற்றிலும் முட்டைகளைப் பொரிக்க வைத்து, குஞ்சுகளை வளர்த்து, அணை நீரில் விட்டார்கள். அவை பெருகின. கரையோரத்தில் குளிக்கவும் துவைக்கவும் இறங்கிய மக்கள் தாக்கப்பட்டார்கள். பிறகு வலைபோட்டுப் பிடித்துத் திரும்ப இங்கே கொண்டுவந்து வைக்க வேண்டியதாயிற்று. ஆஸ்திரேலியாவின் முதலை ஆர்வலர் ஸ்டீவ் இர்வின் 2006-ல் இறந்ததும் சில காலம் இந்த மையத்துக்கு அவர் பெயரைக்கூட வைத்திருந்தார்கள்.

முதலையை மந்தம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். வடநெம்மேலி முதலைகளைக் கவனித்த விளாடிமிர் டினெட்ஸ் என்ற ஆய்வாளர் 2013-ல் எழுதினார்: பறவைகள் கூடு கட்டச் சுள்ளி தேடும் காலத்தில், முதலைகள் மூக்கின்மேல் சுள்ளியைத் தாங்கிக்கொண்டு அசையாமல் மிதக்கின்றன, சுள்ளி எடுக்க வரும் கொக்கு முதலையின் வாய்க்குள் போகிறது. இன்னொன்று, குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது முட்டை கிடக்கும் மணலின் வெப்பம்தான். இதைக் கேட்டதும் என் மகள் அங்கே கிடந்த ஒவ்வொரு முதலையையும் காட்டி “இது சூட்டு முட்டையா, குளிர் முட்டையா?” என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

பக்கத்திலேயே மான் பூங்கா இருக்கிறது, புள்ளிமானும் மிளாவும் பார்க்கலாம். நீர்த்தேக்கத் தீவு ஒன்றில் 1980-களில் தொடங்கிய சிங்கப் பூங்கா இப்போது இல்லை. அதற்காக எனக்கு வருத்தமும் இல்லை. குஜராத் கீர் காட்டின் சிங்கத்துக்கு நெய்யாற்று மழையில் என்ன வேலை? இந்த மலைக்கு அதன் யானை போதும்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். காலையிலேயே காப்புக்காட்டில் இருக்கப் பாருங்கள், குளியலும் தீனியும் அப்போதுதான். நேரமும் கட்டணமும் அவ்வப்போது மாறும், கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். பாறசாலைப் பக்கமிருந்து வருகிறவர்கள் வெள்ளறடை வழியாகவும் அணைக்கு வரலாம், பாலராமபுரம் போய்ச் சுற்ற வேண்டியதில்லை. மழைக்காலத்தில் அட்டைக்கு உப்பு எடுத்துக்கொள்ளுங்கள். கரும்போ பழமோ வாங்கிக்கொண்டு போய் யானைக்கு நீட்டாதீர்கள். குட்டிகளின் வயிறும் உயிரும் எவ்வளவு மெல்லியவை என்பதை 2021 காட்டிவிட்டது. பிளாஸ்டிக் கவரை அந்தக் காட்டுக்குள் கொண்டுபோகவே வேண்டாம். பாப்பான்மாரிடம் மரியாதையாகப் பேசுங்கள், அவர்களுக்குத் தெரிந்தது எந்தப் புத்தகத்திலும் இல்லை. பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள், வீட்டுப் பெரியவர்களையும்தான். களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நான் சுற்றாத இடம் குறைவு. குடும்பத்தோடு ஒரு பகலைக் கழிக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை.